நான்காவது வீடு

அலுவலகத்தில் அவளுக்கு "ஒத்திகை" என்று பெயர். வைத்தவர்கள் ஓட்டுநர்கள். முதலில் முதுகுக்குப் பின்னால் சொன்னார்கள், பிறகு முகத்துக்கு நேராகச் சொன்னார்கள், கடைசியில் மரியாதைக்கு ஒரு "அக்கா"வையும் ஒட்டி "ஒத்திகை அக்கா" ஆக்கிவிட்டார்கள். அவள் கோபித்துக்கொள்ளவில்லை. கோபித்துக்கொள்ளும் அளவுக்கு அதில் பொய் ஒன்றும் இல்லை.

வீட்டிலும் அவள் அப்படித்தான். மாற்றுச் சாவியை எதிர்வீட்டில் கொடுத்துவைக்கிறவர்கள் உலகத்தில் நிறையப் பேர். இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை அதை வாங்கிவந்து, தன் வீட்டைத் தானே பூட்டித் திறந்து பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுக்கிறவள் அவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள். முதல் இரண்டு தடவை, புருஷன் பெண்டாட்டிக்குள் ஏதோ தகராறு, வெளியே நிறுத்திவிட்டார்கள் போலிருக்கிறது என்று எதிர்வீட்டுக்காரர் பரிதாபப்பட்டார். மூன்றாவது தடவை சாவியை எடுத்து வாசலிலேயே தயாராக நின்றார்.

"நான் லிஃப்ட் மெக்கானிக். நானே இவ்வளவு சந்தேகப்பட மாட்டேன்" என்பார் கணவர்.

"அதனாலதான் நீங்க பாக்குற கட்டடத்துல எல்லாரும் படியேறிப் போறாங்க" என்பாள் அவள்.

மகளுக்குப் பதின்மூன்று வயது. அந்த வயதுக்கே உரிய நாக்கு. "எங்கம்மா வெயில் காலத்துல குடையை விரிச்சுப் பாப்பாங்க" என்று தோழிகளிடம் சொல்லிச் சிரிப்பாள். மழைக்காலத்தில் நனையாமல் பள்ளிக்கூடம் போய்வந்ததை மட்டும் சொல்ல மாட்டாள்.

அவள் வேலை பார்த்த நிறுவனம், மூச்சுக்கு ஆக்ஸிஜன் தேவைப்படுகிறவர்களின் வீடுகளுக்கு சிலிண்டர் கொண்டுபோய்க் கொடுத்துக் காலி சிலிண்டரை எடுத்துவரும் நிறுவனம். முந்நூற்று நாற்பது வீடுகள், ஒன்பது வண்டிகள், ஒரு நாளைக்கு இரண்டு ரவுண்டு. எந்த வண்டி எந்த வீட்டுக்கு, எந்த வரிசையில், எந்தத் தெரு வழியாகப் போகவேண்டும் என்பதை ஒரு வழித்திட்ட மென்பொருள் முடிவுசெய்யும். முடிவுசெய்ததை ஓட்டுநர்களின் ஃபோனுக்கு அனுப்பும். ஒவ்வொரு வீட்டிலும் சிலிண்டரை இறக்கிவிட்டு ஓட்டுநர் "முடிந்தது" என்று அழுத்துவார். அப்போது ஃபோன் அலுவலகத்து சர்வரோடு ஒரு வார்த்தை பேசிவிட்டு, மாற்றம் ஏதாவது இருந்தால் வாங்கிக்கொள்ளும். இந்த அறிவெல்லாம் இருப்பது தரவுத்தளத்தில். யாருக்கு எத்தனை சிலிண்டர், எந்தெந்தக் கிழமை, எந்த மாடி. அதற்குக் கீழே "குறிப்பு" என்று ஒரு கட்டம்.

மென்பொருளைச் செய்தவர்களுக்கு அந்தக் கட்டம் ஒரு பொருட்டில்லை. நிரப்பினால் நிரப்பலாம், விட்டால் விடலாம் என்று வைத்திருந்தார்கள். ஓட்டுநர்களுக்கோ வேலையே அதில்தான் இருந்தது. "மணி அடிக்க வேண்டாம், குழந்தை தூங்கும், ஜன்னல் கம்பியைத் தட்டவும்." "முன் கேட்டில் நாய் கட்டியிருக்கும். கட்டியிருப்பதை நம்ப வேண்டாம். பின் கேட்." "ஐயா எழுந்து வர நாலு நிமிடம் ஆகும். மறுபடி மறுபடி மணி அடித்தால் அவசரப்பட்டு விழுவார்."

ஆறு வருடத்துக்கு முன்னால் சர்வர் ஒருநாள் படுத்துவிட்டது. அப்போது அவள் ஃபோன் மேசையில் இருந்தாள். பேக்கப் ஒவ்வொரு நாளும் ஒழுங்காக எடுத்துவைக்கப்பட்டிருந்தது. வெளியிலிருந்து வந்த கம்ப்யூட்டர்காரர் அரை நாளில் எல்லாவற்றையும் மீட்டுக் கொடுத்தார். மேனேஜர் கைதட்டினார், எல்லோரும் தட்டினார்கள், அவளும் தட்டினாள். மறுநாள் காலை பத்து மணிக்கு ஃபோன்கள் அடிக்கத் தொடங்கின. முகவரிகள் வந்திருந்தன. கிழமைகள் வந்திருந்தன. குறிப்புகள் இருந்த கட்டங்கள் மட்டும் வெறுமையாக இருந்தன. அவை வேறொரு கோப்பில் தனியாகக் கிடந்திருக்கின்றன. அதையும் சேர்த்து எடு என்று பேக்கப்புக்கு யாரும் சொல்லவில்லை. அப்படி ஒரு கோப்பு இருப்பதே யாருக்கும் தெரியாது.

நாலு நிமிட ஐயாவின் வீட்டில் புது ஓட்டுநர் மூன்று தடவை மணி அடித்தார். ஐயா அவசரப்பட்டார். மணிக்கட்டு முறிந்தது.

அந்தக் குறிப்பை முதலில் தட்டச்சு செய்தவள் அவள்தான். அதனால்தானோ என்னவோ, மற்றவர்களுக்கு அது நடந்த ஒரு விஷயமாக இருந்தது, அவளுக்கு மட்டும் செய்த ஒரு விஷயமாக இருந்தது. மேனேஜரிடம் போய், குறிப்புகளை மறுபடி சேர்க்க இரண்டு மாதம் வேண்டும் என்று கேட்டாள். ஓட்டுநருக்கும் சுமை இறக்குகிறவருக்கும் நடுவிலுள்ள இருக்கையில், முழங்காலைக் கியர்க் கம்பிக்கு விட்டுக்கொடுத்துவிட்டு, ஒன்பது வண்டிகளிலும் மாறி மாறிப் போனாள். வீடு வீடாகக் கேட்டு எழுதினாள். திரும்பி வந்ததும், பேக்கப் வேலையைத் தனக்கே கொடுக்கச் சொன்னாள். ஒரு தலைவலி தானாக இறங்குகிறதே என்று மேனேஜர் சந்தோஷமாகக் கொடுத்தார்.

அன்றிலிருந்துதான் புதன்கிழமை ஒத்திகை. பதினான்கு நாள் நகல்கள் எப்போதும் கையிருப்பில் இருக்கும். அன்று அதிகாலை இரண்டு மணிக்கு எடுத்த, நேற்று வரைக்குமான நகல் ஒன்று, அதற்கு முந்தையது இரண்டு என்று எண். மதியம் இரண்டரை மணிக்கு அவள் ஃபோன் மேசையில் புதிதாக வந்திருந்த பெண்ணைப் பார்த்து, "ஒரு நம்பர் சொல்லு" என்பாள். அவள் சொல்லும் எண்ணுள்ள நகலை, ஜன்னலோரத்தில் இதற்கென்றே வைத்திருந்த பழைய கணினியில் ஏற்றுவாள். ஏற்றுவதற்கு முன், எங்கே ஏற்றுகிறோம் என்பதைச் சத்தமாகப் படிப்பாள். "எங்க போகுது? ஒத்திகை." ஃபோன் மேசைப் பெண் "ஆமா" என்பாள். ஏறி முடிந்ததும் மூன்று வீடுகளை எடுத்து, அந்தப் பக்கம் போகும் ஓட்டுநரைக் கூப்பிட்டு, குறிப்பை வாசித்துக் காட்டுவாள். அவர் "சரி" என்று சொன்னால்தான் அன்றைய ஒத்திகை முடிந்தது.

"நாடகம் ஆரம்பிச்சாச்சா அக்கா?" என்பார்கள்.

"ஆரம்பிச்சாச்சு. ஓரமா நிறுத்திட்டுக் கேளுங்க."

"போன வாரமும் இதே நாய்தானே வந்துச்சு?"

"நாய் அதே நாய்தான். பின் கேட் அங்கேயே இருக்கா?"

"இருக்கு, இருக்கு. சரி."

எடுத்துவைத்திருக்கிறோம் என்பதும், அது இருக்கிறது என்பதும் ஒன்றல்ல என்பது அவள் கட்சி. எளிய விஷயம்தான். ஆனால் எளிய விஷயத்தை ஆறு வருடம் வாரந்தவறாமல் செய்வது எளிதல்ல. அதைச் செய்கிறவர்களைப் பார்த்துச் சிரிப்பதுதான் எளிது.

அந்தப் புதன்கிழமைக்கு வருவோம். முந்தைய வாரம் ஜன்னலோரத்துப் பழைய கணினி உயிரை விட்டிருந்தது. மேனேஜர் அதற்குப் பதில் ஒரு லேப்டாப் வாங்கிக் கொடுத்தார். பழையது சர்வரோடு பேசாது, இது பேசும். ஒத்திகைத் தரவுத்தளத்தையும் அதில் திறக்கலாம், நிஜமாக ஓடிக்கொண்டிருக்கும் நடப்புத் தரவுத்தளத்தையும் திறக்கலாம். இரண்டும் ஒரே மாதிரி ஜன்னல், ஒரே மாதிரி நிறம். மேலே ஓரத்தில் பெயர் மட்டும் வேறு. காலையில் ஒரு திருத்தத்துக்காக நடப்பைத் திறந்தவள் அதை மூடவில்லை.

"ஒரு நம்பர் சொல்லு."

"எட்டு" என்றாள் ஃபோன் மேசைப் பெண், ரிசீவரைத் தோளில் இடுக்கிக்கொண்டு.

எட்டு என்றால் போன வாரம் புதன் அதிகாலையில் எடுத்தது. அவள் அதைத் தேர்ந்தெடுத்தாள். "எங்க போகுது? ஒத்திகை."

"ஆமா."

திரையில் இருந்த சொல் "நடப்பு". அவள் கண் அதன்மேல்தான் இருந்தது. வாய் மட்டும் ஆறு வருடமாகச் சொன்னதைச் சொன்னது. ஃபோன் மேசைப் பெண்ணின் முதுகு "ஆமா" என்றது. ஒருவர் தப்பை இன்னொருவர் பிடிக்கவேண்டும் என்று ஏற்படுத்திய முறை, நாள்பட நாள்பட இரண்டு பேர் சேர்ந்து பாடும் பாட்டாகிவிட்டிருந்தது.

இருபத்தைந்து நிமிடத்தில் நகல் ஏறியது. முதல் வீட்டை வாசித்தாள். சரி. இரண்டாவது வீட்டைத் தேடிக்கொண்டிருக்கும்போது ஃபோன் மேசைப் பெண் ரிசீவரை நீட்டினாள். "அக்கா, புயல். உங்ககிட்டதான் பேசணுமாம்."

புயல் என்பது ஒன்பது ஓட்டுநர்களில் மிக மெதுவாக ஓட்டுகிறவரின் பெயர். சைக்கிள்கள் அவரை முந்திப் போகும்.

"அக்கா, அந்தக் கணக்கு வாத்தியார் போன வெள்ளிக்கிழமை போயிட்டாரே, தெரியும்ல?"

"தெரியும்."

"சனிக்கிழமை நான்தான் போய்க் காலி சிலிண்டரை எடுத்துட்டு வந்தேன். அந்தம்மா எனக்குத் தண்ணிகூடக் குடுத்தாங்க. இப்போ ஒரு வீட்டை முடிச்சுட்டு 'முடிந்தது' அழுத்தினேன், லிஸ்டே மொத்தமா மாறிடுச்சு. அவர் பேர் வருது. ரெண்டு சிலிண்டர் எறக்கச் சொல்லுது. என்னக்கா இது?"

அவள் திரையின் மேல் ஓரத்தைப் பார்த்தாள். இந்த முறை படித்தாள்.

அந்த ஒரு விநாடி அவளுடையது மட்டும். அறையில் வேறு யாருக்கும் எதுவும் தெரியாது. "சர்வர் கொஞ்சம் மக்கர் பண்ணுது" என்று ஒரு வாக்கியம் சொல்லிவிட்டு, சத்தமில்லாமல் நேற்றைய நகலை ஏற்றிவிட்டால் போதும். அன்று காலையிலிருந்து நடந்த மாற்றங்கள் மட்டும் காணாமல் போகும்; அது எப்போது வெளியே தெரியுமோ, எந்த வீட்டில் தெரியுமோ, அதுவும் சர்வர் கணக்கில் போய்விடும். நேர்மை என்பதைப் பற்றி எவ்வளவோ பேசியிருக்கிறார்கள். பெரும்பாலும் அது இவ்வளவு சின்ன இடத்தில்தான் நடக்கிறது.

"புயல், அந்த வீட்டுக்குப் போகாதீங்க. இருக்குற இடத்துலயே நில்லுங்க. ஃபோன்ல எதையும் அழுத்தாதீங்க" என்றாள். எழுந்து நடந்தாள். கழிவறைக்குப் பக்கத்தில் ஓர் இரும்பு அலமாரி, அதற்குள் சர்வர், அதன் முகத்துக்கு நேராக ஒரு மேசை விசிறி. அலமாரியைத் திறந்து, அலுவலகத்துக்கு வெளியே போகும் நெட்வொர்க் கம்பியை மட்டும் பிடுங்கினாள். இனி எந்த ஃபோனும் பழைய பட்டியலை வாங்க முடியாது. எது எதில் என்ன இருக்கிறதோ அப்படியே நிற்கும்.

மேனேஜர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு வெளியே வந்தார். "கம்பியைப் பிடுங்கினது யாரு?"

"நான்தான் சார். நடப்பு மேல ஒரு வாரம் பழசை ஏத்திட்டேன். ஒத்திகைன்னு நினைச்சு நிஜத்துலயே போட்டுட்டேன்."

"நீயா?"

"நானேதான்."

அவர் பக்கத்திலிருந்த நாற்காலியில் உட்கார்ந்தார். "ஆறு வருஷமா ஒத்திகை பாத்துட்டு, கடைசில நாடகத்துக்கே தீ வெச்சுட்டியேம்மா."

"திட்டுறதை ஆறு மணிக்கு மேல வெச்சுக்கலாம் சார். நாலு மணிக்கு ரெண்டாவது ரவுண்டு கிளம்பணும்."

மணி மூன்று பத்து.

செய்யவேண்டியது அவளுக்குத் தெளிவாகத் தெரிந்தது. அதிகாலை இரண்டு மணி வரைக்குமான எல்லாம் நேற்றைய நகலில் இருக்கிறது. அதற்குப் பிறகு அன்று காலை முழுக்க ஃபோனில் வந்த மாற்றங்கள்தான் எங்கேயும் இல்லை. அவற்றில் ஏதோ ஒன்று ஒரு வீட்டின் மூச்சு. அதைக் கண்டுபிடிக்கவேண்டும்.

முதலில், கெட்டுப்போயிருந்த தரவுத்தளத்தையே ஒரு நகல் எடுத்துக்கொண்டாள். "அந்தக் குப்பை எதுக்கு?" என்றார் மேனேஜர். "இன்னும் எதைக் கெடுத்திருக்கேன்னு எனக்கே தெரியாது சார். தெரியாம எதையும் தூக்கிப்போட வேண்டாம்." பிறகு நேற்றைய நகலைத் தேர்ந்தெடுத்தாள். விரலைப் பொத்தானில் வைக்கவில்லை. "இவளே, ரிசீவரை வெச்சுட்டு இங்க வா. நான் சொல்ல மாட்டேன். நீ படி. எந்த நகல்? எங்க போகுது?"

ஃபோன் மேசைப் பெண் அவள் தோளுக்குப் பின்னால் நின்று, முதல் வகுப்புப் பிள்ளை மாதிரி விரல் வைத்துப் படித்தாள். "நகல்... ஒண்ணு. போறது... நடப்பு." பிறகு, "அக்கா, நான் அப்பவும் பாக்காமதான் ஆமா சொன்னேன்" என்றாள்.

"பாக்குற மாதிரி உன்னை நான் உக்கார வெக்கல. அதை அப்புறம் பேசலாம்."

ஏறுவதற்கு இருபத்தைந்து நிமிடம். அதற்குள் ஒன்பது ஓட்டுநர்களையும் கூப்பிட்டார்கள். பழைய பட்டியலை வாங்கியிருந்தது இரண்டு ஃபோன்கள் மட்டும். மற்ற ஏழிலும் அன்றைய பட்டியல் மாற்றங்களோடு அப்படியே இருந்தது.

"இன்னிக்கு நீங்க வாசிங்க. நான் கேக்குறேன்" என்றாள்.

"அடடா, கட்சி மாறியாச்சா?" என்றார் ஓட்டுநர்களில் மூத்தவர். "வாசிக்கிறேன், நடுவுல தூங்கிடாதீங்க." ஆனால் வாசித்தார். வீட்டு எண், தெரு, மாடி, சிலிண்டர், குறிப்பு. எங்கே நிறுத்தவேண்டும், எதைத் திருப்பிச் சொல்லவேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. எல்லோருக்குமே தெரிந்திருந்தது. ஆறு வருடமாக வாரத்துக்கு மூன்று வீடு கேட்டவர்கள், கேட்ட விதத்திலேயே வாசித்தார்கள். சாலையோரங்களில் ஏழு வண்டிகள் நின்றன. பட்டியல் மாறிப்போன இரண்டு பேரும், மீதி வீடுகளை நினைவிலிருந்து சொன்னார்கள். அவளும் ஃபோன் மேசைப் பெண்ணும் பக்கத்துக்கு ஒரு வண்டியாக எழுதினார்கள். மேனேஜர் தானும் ஒரு ஃபோனை எடுத்து, தப்பும் தவறுமாக எழுதி, இரண்டு தடவை திட்டு வாங்கினார்.

இப்படி முதல் ரவுண்டு முழுவதும் திரும்பி வந்தது. இரண்டாவது ரவுண்டுக்கான பட்டியல் இன்னும் எந்த ஃபோனுக்கும் போகவில்லை. அதற்கான மாற்றங்கள் ஃபோன் மேசைப் பெண்ணின் விரல் வழியாகத் தரவுத்தளத்துக்குள் போனவை, வேறெங்கும் இல்லாதவை.

"எத்தனை?" என்று கேட்டாள்.

அதற்கு மட்டும் பதில் இருந்தது. தனக்கு இன்னோர் ஆள் துணைக்கு வேண்டும் என்று மேனேஜரோடு வழக்காடுவதற்காக, வந்த ஃபோன்களை எல்லாம் ஓர் அட்டையில் பென்சிலால் கோடு போட்டு வைத்துக்கொண்டிருந்தாள் அந்தப் பெண். "ரெண்டாவது ரவுண்டு மாற்றம்" என்ற இடத்தில் மூன்று கோடுகள்.

"ஒண்ணு, ஆஸ்பத்திரியிலேருந்து வீட்டுக்கு வந்தவர், புது இணைப்பு. ரெண்டு, அந்த மூணாவது மாடிக்காரங்க ஒரு சிலிண்டர் கூடக் கேட்டாங்க. இந்த ரெண்டும் முகவரியோட தெரியும். மூணாவது..." அவள் கண்ணை மூடினாள். "ஒரு பொண்ணு. முகவரி மாத்தம். ஏழு மணிக்கு மேல தாங்காதுன்னு சொன்னா. அக்கா, அது மட்டும் ஞாபகம் இருக்கு. பேர், தெரு ஒண்ணும் இல்ல. விரல்தான் அடிச்சுது, மண்டையில ஏறல."

அலுவலக ஃபோன் கடைசி முப்பது எண்களைத்தான் வைத்திருக்கும். இந்த மதியத்துக் கூத்தில் அந்த முப்பதும் ஓட்டுநர்களாகியிருந்தன.

மணி மூன்று ஐம்பது. ஏழு மணிக்கு ஒரு சிலிண்டர் தீரப்போகிறது. யாருடையது என்று தெரியாது. எங்கே என்றும் தெரியாது.

"மாறினது தெரியாட்டி மாறாததைத் தேடுவோம்" என்றாள் அவள். நேற்றைய நகல் ஏறி முடிந்திருந்தது. மாலை ரவுண்டில் இருக்கும் பழைய வீடுகள் மொத்தம் பத்தொன்பது. இன்று முகவரி மாறியவர் அந்தப் பத்தொன்பதில் ஒருவராகத்தான் இருக்கவேண்டும். எல்லோரையும் கூப்பிட்டு, அதே வீட்டில்தான் இருக்கிறீர்களா என்று கேட்பது. அவ்வளவுதான்.

"பத்தொம்பது பேரையுமா?" என்றார் மேனேஜர்.

"பதினெட்டுப் பேர் நம்மளைத் திட்டுவாங்க சார். ஒருத்தர் கிடைப்பாங்க."

எழுதிவைத்த மாற்றங்களை ஏற்றி, கம்பியை மறுபடி செருகி, இரண்டாவது ரவுண்டில் சந்தேகமில்லாத வீடுகளுக்கு முதலில் வண்டிகளை அனுப்பிவிட்டு, மூன்று பேரும் ஃபோனில் உட்கார்ந்தார்கள். "ஆமா, இங்கதான் இருக்கோம், ஏன்?" "எங்க போவோம் இந்தக் குழாயை மாட்டிக்கிட்டு?" "நேத்துதானே கேட்டீங்க?" (நேற்று யாரும் கேட்கவில்லை.) ஒருவர் எடுக்கவில்லை; ஐந்து நிமிடத்தில் தானே கூப்பிட்டு, குளித்துக்கொண்டிருந்ததாகச் சொன்னார். பதினெட்டு வீடுகளும் அசையாமல் இருந்த இடத்தில் இருந்தன.

பத்தொன்பதாவது வீட்டின் குறிப்பை அவள் திறந்தாள். "அம்மாவுக்குக் காது கேட்காது. மணி, ஃபோன் இரண்டும் பயனில்லை. கீழ்வீட்டுத் தையற்காரரைக் கூப்பிடவும்." கீழே ஓர் எண். அந்த எண்ணை அவள் மறந்திருக்கவில்லை. குறிப்புகளைத் திரும்பச் சேர்க்க வண்டியில் அலைந்த நாட்களில், கழுத்தில் டேப்பைப் போட்டுக்கொண்டு தையற்காரர் ஒரு வெட்டுத்துணியில் சாக்பீஸால் எழுதிக் கொடுத்த எண் அது. பிறகு எத்தனை புதன்கிழமைகளில் எத்தனை நகல்களில் அது பத்திரமாக இருக்கிறதா என்று பார்த்திருப்பாள்.

"மேல்வீட்டு அம்மாவா?" என்றார் தையற்காரர். பின்னால் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. "காலையில எட்டு மணிக்கே பொண்ணு வந்து கூட்டிட்டுப் போயிடுச்சே. உங்களுக்குச் சொல்லிட்டேன்னு சொல்லுச்சே."

"சொல்லியிருக்காங்க. பொண்ணு நம்பர் இருக்குங்களா?"

"இருக்கு. துணி தைக்கக் குடுத்திருக்கு, இன்னும் நான் முடிக்கல. நம்பரை நான் குடுத்தேன்னு சொல்லாதீங்க."

மகள் முதல் மணியிலேயே எடுத்தாள். "எங்கங்க வண்டி? ஏழு மணிக்கு மேல தாங்காதுன்னு காலையிலேயே சொன்னேனே!"

ஃபோன் மேசைப் பெண் தன் இருக்கையிலிருந்து எழுந்தேவிட்டாள். "இந்தக் குரல்தான் அக்கா. இதேதான்."

"சொன்னீங்க. நாங்க எழுதினோம். எழுதினதை நான் தப்பா அழிச்சுட்டேன்" என்றாள் அவள். "வண்டி இப்போ கிளம்புது. ஆறரைக்குள்ள வந்துடும். சிலிண்டர் மீட்டர்ல முள்ளு எங்க இருக்குன்னு பார்த்துச் சொல்லுங்க."

மறுமுனையில் நடந்து போகும் சத்தம். "சிவப்புக்கு ஒரு கோடு மேல."

"சரி. அங்கேயே இருங்க. ஒவ்வொரு கால் மணிக்கும் நானே கூப்பிடுறேன்."

அந்த முகவரிக்குப் பக்கத்தில் இருந்த வண்டி எது என்று பார்த்தார்கள். மேனேஜர் தலையில் கை வைத்துக்கொண்டார். "புயலா?"

"புயல்தான் சார். மெதுவாப் போவார். ஆனா இதுவரைக்கும் ஒரு வீட்டைத் தவறவிட்டதில்ல."

ஐந்து மணிக்குக் கூப்பிட்டாள். முள் சிவப்பின் விளிம்பில். ஐந்தே காலுக்கும் அங்கேயேதான். ஐந்தரைக்கு மகள், "அம்மா எதுக்கு இத்தனை ஃபோன்னு சைகையில கேக்குறாங்க" என்றாள். ஆறு மணிக்கு முள் சிவப்புக்குள் போயிருந்தது. ஆறே காலுக்கு அவள் எண்ணைத் தொடும்போதே புயலிடமிருந்து அழைப்பு வந்தது.

"மாட்டியாச்சு அக்கா. அம்மா சிரிக்கிறாங்க. பொண்ணுதான் அழுவுது." கொஞ்சம் மூச்சு வாங்கினார். "குறிப்பு எழுதிக்கோங்க. நாலாவது மாடி. லிஃப்ட் இருக்கு. கதவை ரெண்டு தடவ இழுத்துச் சாத்தணும், இல்லாட்டி நகராது. நான் அஞ்சு நிமிஷம் உள்ள நின்னு பாத்துட்டுப் படியேறிட்டேன்."

அவள் எழுதினாள். சேமித்தாள். மறுபடி திறந்து, இருக்கிறதா என்று பார்த்தாள்.

முடியாத ஒன்று மீதி இருந்தது. பழைய நகல் ஏறிய அந்தச் சில நிமிடங்களில் மென்பொருள் தன் வழக்கப்படி கணக்கு வாத்தியார் வீட்டுக்கு ஒரு எஸ்.எம்.எஸ். அனுப்பியிருந்தது: உங்கள் சிலிண்டர் இன்று மாலைக்குள் வந்து சேரும். அதைத் திரும்ப எடுக்க எந்த நகலும் உதவாது. அவள் அந்த வீட்டைத் தானே கூப்பிட்டாள். மேனேஜர் வேண்டாம் என்றார். அந்தம்மா ஒருவேளை பார்த்திருக்கவே மாட்டார்கள், நாமாகக் கிளற வேண்டாம் என்றார். அவள் கூப்பிட்டாள்.

"பார்த்தேன்" என்றார் வாத்தியாரின் மனைவி. "ஒரு நிமிஷம் கதவைத் திறந்து வெக்கலாமான்னு எழுந்துட்டேன்."

"தப்பு என்னுதும்மா. மெஷின் தப்பு இல்ல. நான் பண்ணது."

"சரிம்மா. இன்னொரு தடவ வராம பாத்துக்கோ." வைத்துவிட்டார்.

மேலிடத்துக்கு அனுப்பவேண்டிய அறிக்கையில் மேனேஜர் "தொழில்நுட்பக் கோளாறு" என்று எழுதியிருந்தார். நல்லெண்ணத்தில்தான் எழுதினார், அவளை இழக்க அவருக்கு விருப்பமில்லை. அவள் அதை அடித்துவிட்டு, என்ன நடந்தது, யார் செய்தது என்று நாலு வரியில் எழுதிக் கையெழுத்துப் போட்டாள். "உன் தலையை நீயே ஏம்மா நீட்டுற?" என்றார். "கோளாறுன்னு எழுதினா அடுத்தவங்க கோளாறைத் தேடுவாங்க சார். அது கிடைக்காது. இதுன்னா திருத்தலாம்." மேலிடத்திலிருந்து ஓர் எச்சரிக்கைக் கடிதம் வந்தது. அதையும் கோப்பில் ஒழுங்காகச் சேர்த்து வைத்தாள்.

அன்று வீட்டுக்குப் போனதும் கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் கேலி செய்யவில்லை. கை கழுவிக்கொண்டு வந்து எதிரில் உட்கார்ந்தார். "எங்க வேலையில ரெண்டு பேர் இல்லாம மேல கை வெக்க மாட்டோம். ஒருத்தன் கரண்ட் நிறுத்தியாச்சுன்னு சொல்வான். இன்னொருத்தன் அதைக் கேட்டுட்டு ஆமா போடக் கூடாது. போய் சுவிட்சைப் பாக்கணும். நீ அந்தப் பொண்ணைக் காதால பாக்க வெச்சிருக்க."

"இத்தனை வருஷத்துல இதை ஏன் சொல்லல?"

"நீ கேட்டாத்தானே? நீதான் எனக்குப் பாடம் எடுப்ப."

"அப்பா ஒண்ணு ஜெயிச்சுட்டாரு!" என்று உள்ளேயிருந்து மகள் கத்தினாள்.

அடுத்த புதன்கிழமை ஒத்திகை நடக்குமா என்று ஓட்டுநர்களுக்குள் பேச்சு. அவமானத்தில் விட்டுவிடுவாள் என்றார் ஒருவர். மூத்தவர் மட்டும், "பாக்கலாம், இரண்டரைக்கு ஓரமா நிறுத்தி வை" என்றார்.

இரண்டரைக்கு ஃபோன் மேசை நாற்காலி திருப்பிப் போடப்பட்டிருந்தது. லேப்டாப்பில் ஒத்திகை ஜன்னலுக்குக் கண்ணைக் குத்தும் மஞ்சள் நிறம். நடப்பை அதிலிருந்து திறக்கவே முடியாதபடி எடுத்துவிட்டிருந்தார்கள். நம்பர் சொன்னது மேனேஜர்: பதினொன்று. எங்கே போகிறது என்று வாசித்தது ஃபோன் மேசைப் பெண், விரல் வைத்து, எழுத்து எழுத்தாக. அவள் வாயைத் திறக்கவில்லை.

மூன்று வீடுகளை வாசித்தாள். நாய், பின் கேட், சரி. ஜன்னல் கம்பி, சரி. கீழ்வீட்டுத் தையற்காரர், சரி.

புயல் ஃபோனை வைக்கப் போனார்.

"இருங்க. இனிமே நாலு" என்றாள்.

"நாலாவது எது?"

"இருக்கக் கூடாத வீடு ஒண்ணு."

தேடும் கட்டத்தில் கணக்கு வாத்தியாரின் பெயரை அடித்தாள். வாத்தியார் போய் இரண்டாம் நாள் எடுத்த நகல் அது. மஞ்சள் திரை கொஞ்ச நேரம் சுற்றியது. இருப்பவர்கள் வந்துவிட்டார்களா என்று இத்தனை வருடம் பார்த்திருக்கிறாள். போனவர்கள் போனபடி இருக்கிறார்களா என்று அவள் பார்ப்பது இதுதான் முதல் தடவை.

"பதிவு இல்லை" என்று படித்தாள் ஃபோன் மேசைப் பெண்.

"வாத்தியார் வீடு, இல்லை" என்று அவள் ஃபோனில் சொன்னாள்.

அந்தப் பக்கம் வண்டியின் இன்ஜினை அணைக்கும் சத்தம் கேட்டது.

"சரி அக்கா" என்றார் புயல்.